பெருங்குடல் பிதுக்கப்பைச் சிக்கல்கள்: அறுவை சிகிச்சை இல்லாத வழிகளில் எதை, எப்போது தேர்ந்தெடுப்பது?

அடிவயிற்றில் விடாத வலி, காய்ச்சல், பிறகு ஒரு சி.டி. ஸ்கேன், அதன் அறிக்கையில் ‘டைவர்ட்டிகுலைட்டிஸ்’ என்றொரு சொல். இந்த இடத்தில் பல குடும்பங்கள் இரண்டு கட்சியாகிவிடுகின்றன. வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறது ஒரு கட்சி. வயிற்றைத் திறக்காமல் மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறது மறு கட்சி. இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ‘அறுவை இல்லாத சிகிச்சை’ என்று ஒரே ஒரு வழி கிடையாது என்பதைத்தான். ஆன்டிபயாட்டிக்கூட இல்லாமல் கவனித்திருப்பது, ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, தோல் வழியே குழாய் வைத்துச் சீழை வடிப்பது, ரத்தப்போக்கைக் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் செலுத்திக் குடலைப் பார்ப்பது) வழியாகவோ ரத்தக் குழாய் வழியாகவோ அடைப்பது என அவை பலவகை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு உரியது; ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியாத ஒரு விலையும் உண்டு.

பெருங்குடலின் தசைச் சுவரை ரத்த நாளங்கள் துளைத்து உள்ளே நுழையும் இடங்கள் இயல்பிலேயே பலம் குறைந்தவை. குடலுக்குள் அழுத்தம் கூடும்போது உட்சவ்வு அந்த இடங்களின் வழியே வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பைகளாகிறது. பைகள் இருப்பது மட்டும் டைவர்ட்டிகுலோசிஸ். வயதானவர்களில் பலருக்கு இது உண்டு, பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் எந்தத் தொல்லையும் தராது. பை அழன்று வீங்கினால் டைவர்ட்டிகுலைட்டிஸ். அது முற்றும்போது சீழ்க்கட்டி, குடல் ஓட்டை, பக்கத்து உறுப்புக்குள் திறக்கும் புரைவழி, குடல் சுருக்கம் ஆகியவை வரலாம். அழற்சி ஏதுமின்றிப் பையின் சுவரை ஒட்டியோடும் நாளம் கிழிந்தால், வலியே இல்லாமல் ரத்தம் கொட்டும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்பைகள் பெரும்பாலும் இடப்பக்கத்துச் சிக்மாய்டு குடலில் (மலக்குடலுக்கு மேலுள்ள வளைந்த பகுதி) வருகின்றன. ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் போன்ற ஆசிய நாடுகளில் வலப்பக்கத்தில் வருவது அதிகம். அங்கே அழற்சி வந்தால் குடல்வால் அழற்சி என்றே முதலில் எண்ணத் தோன்றும். கீழே நான் சுட்டும் ஐரோப்பிய ஆய்வுகள் பெரும்பாலும் இடப்பக்க நோயைப் பற்றியவை என்பதை நம் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்க நோய் பொதுவாகச் சாதுவானது, மருந்துக்கே அடங்கிவிடுவது அதிகம் என்பது ஒரு ஆறுதல்.

## எடை போடுவதற்கான அளவுகோல்கள்

முதல் அளவுகோல், சிக்கல் எது, எவ்வளவு பெரியது என்பது. இதை வயிற்றைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. நரம்பில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். மாண்ட்ரியால் நகரத்து அறுவை மருத்துவர் ஹின்சி 1978-இல் வகுத்த நான்கு படிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: குடலை ஒட்டிய சீழ்க்கட்டி முதல் படி, இடுப்புக்குழிக்கோ சற்றுத் தொலைவுக்கோ பரவிய சீழ்க்கட்டி இரண்டாம் படி, வயிற்றறை முழுவதும் சீழ் பரவியது மூன்றாம் படி, மலமே பரவியது நான்காம் படி. அறுவை இல்லாத வழிகள் முதல் இரண்டு படிகளுக்கும் அவற்றுக்குக் கீழான எளிய அழற்சிக்கும் உரியவை.

இரண்டாவது, நோயாளியின் உடல். ஸ்டீராய்டு எடுப்பவர், கீமோதெரபியில் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் ஆகியோருக்கு உள்ளே குடல் ஓட்டையானாலும் வலியும் காய்ச்சலும் குறைவாகவே தெரியலாம். இவர்கள் விஷயத்தில் ‘வலி அவ்வளவாக இல்லை’ என்பது நல்ல செய்தி ஆகாது.

மூன்றாவது, அந்த வழி பலிக்காவிட்டால் அது எவ்வளவு விரைவாகத் தெரியவரும், தெரிந்தபின் எவ்வளவு விரைவாக அடுத்த படிக்குப் போக முடியும் என்பது. இரவு இரண்டு மணிக்கு அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஸ்கேனும் உள்ள இடத்துக்கு அரை மணியில் போகக்கூடியவரும், மூன்று மணி நேரம் பயணப்பட வேண்டியவரும் ஒரே முடிவை எடுக்கக் கூடாது. என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான அளவுகோல். மருத்துவமனைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

நான்காவது, மறைந்திருக்கும் விலை: மருந்தின் பக்க விளைவு, குழாயோடு கழியும் நாட்கள், திரும்பத் திரும்ப ஸ்கேன், காப்பீடு ஏற்காத செலவு, பின்னால் செய்தே ஆக வேண்டிய கொலோனோஸ்கோப்பி. ஐந்தாவது, நோக்கம். இன்றைய தீயை அணைப்பதும் நாளைய தீயைத் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே முடிவாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் அவசரப்படுகின்றன.

## தேர்வுக்கே இடமில்லாத நிலைகள்

வயிறு பலகைபோல் இறுகிவிட்டது, இரத்த அழுத்தம் விழுகிறது, சீழோ மலமோ வயிற்றறை முழுவதும் பரவியிருக்கிறது என்றால் இக்கட்டுரையின் ஒப்பீடு பொருந்தாது. அது அறுவை அரங்குக்கு உரிய அவசரம். குடலை ஒட்டி ஓரிரு காற்றுக் குமிழிகள் மட்டும் ஸ்கேனில் தெரிந்து, நோயாளி தெளிவாக இருந்தால், மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்து மருந்தாலேயே ஆற்ற முயல்வது உண்டு. காற்று தொலைதூரம்வரை பரவியிருந்தால் அந்த முயற்சி தோற்கும் வாய்ப்பு ஏறுகிறது.

## வழி ஒன்று: ஆன்டிபயாட்டிக் இல்லாமல் கவனித்திருத்தல்

சீழ்க்கட்டியோ ஓட்டையோ இல்லாத எளிய அழற்சிக்கு மட்டும் உரிய வழி இது. கேட்டதும் பலருக்கு நம்பிக்கை வராது. காய்ச்சலோடு வந்தவருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் விடுவதா என்று தோன்றும். ஆனால் இது கவனக்குறைவிலிருந்து பிறந்த யோசனை இல்லை. சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் பெறாதவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் பெற்றவர்களில் 1 சதவீதத்தினருக்கும் ஓட்டையோ சீழ்க்கட்டியோ வந்தது. புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டில் நோய் திரும்பியதும் இரு தரப்பிலும் ஒரே அளவுதான். நெதர்லாந்தில் 528 பேரிடம் நடந்த ஆய்வு, மருந்தின்றி நலமடையச் சராசரியாக 14 நாளும் மருந்தோடு 12 நாளும் ஆனதாகக் காட்டியது. அதையும் உறுதியான வேறுபாடாகக் கொள்ள முடியவில்லை.

அழற்சிக்குக் காரணம் எப்போதும் கிருமி பெருகுவது மட்டும் இல்லை என்ற எண்ணம் இந்த முடிவுகளால் வலுப்பெற்றது. அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால், மருந்துச் செலவும் பக்க விளைவும் இல்லாதது இதன் பலம். மறைந்திருக்கும் விலை ஒன்றே ஒன்றுதான், அதுவும் கனமானது: கண்காணிப்பு. ஸ்கேன் எடுக்காமல் ‘எளிய அழற்சிதான்’ என்று ஊகித்துக்கொண்டு மருந்தைத் தவிர்ப்பது இந்த வழி ஆகாது. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஸ்கேனில் உறுதி செய்யப்பட்டவர்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே நிலைகுலையும் நிலை) அறிகுறி உள்ளவர்களும் சேர்க்கப்படவில்லை.

ஆகவே உடல் திடமாக இருந்து, இரண்டு மூன்று நாட்களில் அதே மருத்துவர் மறுபடி பார்த்து ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) அளவையும் சோதிக்க முடியும் என்றால் இது சிறந்த வழி. ஊர் திரும்பிவிட்டால் மறுபடி பார்க்க ஆளில்லை என்றால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## வழி இரண்டு: ஆன்டிபயாட்டிக், வீட்டிலா, வார்டிலா?

எளிய அழற்சியோடு வேறு நோய்களும் உள்ளவர், வாந்தியால் ஏதும் உள்ளே தங்காதவர், சி.ஆர்.பி.யும் வெள்ளணுக்களும் மிகவும் ஏறியவர், 3 செ.மீ.க்குக் குறைந்த சீழ்க்கட்டி உள்ளவர் ஆகியோருக்கு இது முதல் தேர்வு. சிறிய சீழ்க்கட்டிக்குள் குழாய் நுழைவதற்கே இடம் இருக்காது. மருந்து அதை வற்றச் செய்துவிடும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

வீட்டிலிருந்தே மருந்து எடுப்பதற்கும் அட்மிட் ஆவதற்கும் இடையே ஸ்பெயினில் ஓர் ஆய்வு நடந்தது. எளிய அழற்சி உள்ள 132 பேருக்கு முதல் டோஸை அவசரப் பிரிவில் நரம்பு வழியே கொடுத்துவிட்டு, பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2014-இல் வெளியான முடிவில், சிகிச்சை பலிக்காதவர்கள் வார்டில் 4 பேர், வீட்டில் 3 பேர். செலவோ வீட்டுச் சிகிச்சையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

நம் ஊரில் இந்தக் கணக்கு சில நேரம் தலைகீழாகிவிடுகிறது. பெரும்பாலான தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் பணம் தருகின்றன. ஆகவே மருத்துவ நோக்கில் வீட்டுச் சிகிச்சைக்குத் தகுதியானவர்கூட ஸ்கேன் செலவுக்காக ஒரு கட்டிலில் படுக்க நேர்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அட்மிட் ஆவதற்குக் காரணம் நோயின் தீவிரமா, காப்பீட்டின் விதியா என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தேவையில்லாத பயமும் அந்தப் பயத்தால் அறுவைக்கு ஒப்புக்கொள்வதும் தொடரும்.

எந்த மருந்து என்பதிலும் தேர்வு உண்டு. சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் சேர்ந்த ஜோடி ஒன்று, அமாக்சிசிலின்–கிளாவுலனேட் மற்றொன்று. அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் இரண்டும் நோயை ஆற்றுவதில் சமமாக இருந்தன. முதியவர்களிடம் முதல் ஜோடிக்குப் பிறகு கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கடும் வயிற்றுப்போக்குத் தொற்று அதிகம் வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், வேறு மருந்தால் முடிகிற எளிய தொற்றுகளுக்கு அவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்து ஒழுங்கு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. இந்தியாவில் ஈ.கோலை கிருமிகள் இந்த மருந்துக்கு அடங்காமல் போவது மிகுதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவரிடம் ‘இதைவிட வேறு தேர்வு உண்டா’ என்று கேட்பது நியாயமான கேள்வி. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் வாய் முழுக்க உலோகச் சுவை இருக்கும், சாப்பாடு இறங்காது. மதுவை அறவே விட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை குடல் ஓட்டையாகும் அபாயத்தையும் ரத்தப்போக்கையும் கூட்டுபவை.

## வழி மூன்று: தோல் வழியே குழாய் வைத்துச் சீழை வடித்தல்

சீழ்க்கட்டி 3 அல்லது 4 செ.மீ.க்கு மேல் இருந்தால், அல்லது சிறியதாக இருந்தும் மருந்துக்கு அடங்காவிட்டால், பேச்சு குழாய்க்கு வருகிறது. அவசர அறுவைக்கு மாற்றாக வந்த வழிகளில் மிகப் பெரிய முன்னேற்றம் இது என்று நான் கருதுகிறேன். அழன்று கிடக்கும் குடலை அவசரமாக வெட்டினால் இரு முனைகளையும் அப்போதே இணைக்க முடியாமல் வயிற்றில் மலப்பை வைக்க நேரிடலாம். அந்தப் பையை எடுக்க இன்னோர் அறுவை வேண்டும், சிலருக்கு அது நடக்காமலே போய்விடும். குழாய் வைத்துச் சீழை வடித்துவிட்டால் அந்த அவசரம் கடந்துவிடுகிறது. பிறகு அறுவை தேவைப்பட்டாலும் ஆற அமர, திட்டமிட்டு, ஒரே தடவையில் செய்துகொள்ளலாம்.

எங்கள் பெரியம்மாவுக்கு 68 வயதில் இது நேர்ந்தது. பத்து நாள் அடிவயிற்று வலியைச் சிறுநீர்த் தொற்று என்று ஓர் இடத்தில் இரண்டு சுற்று மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள், ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்தபோது இடுப்புக்குழியில் 5 செ.மீ. அளவில் சீழ் கட்டியிருந்தது. நோயறிவதில் கழிந்த அந்தப் பத்து நாளை நான் இன்றும் ஆற்றாமையோடுதான் நினைக்கிறேன்.

குழாயை வைப்பவர் கதிரியக்கப் பிரிவின் இடையீட்டு மருத்துவர். தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் பார்த்தபடியே ஊசியைச் சீழுக்குள் செலுத்தி, அதன் வழியே நுனி சுருண்ட மெல்லிய குழாயை நிறுத்துகிறார்கள். முதலில் வரும் சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் எந்த மருந்து கேட்கும் என்பது தெரிந்துவிடும். இது வெறும் மருந்துச் சிகிச்சையில் கிடைக்காத கூடுதல் பயன். வயிற்றின் முன்பக்கம் குடலோ சிறுநீர்ப்பையோ மறித்தால் பிட்டத்தின் வழியே போக வேண்டியிருக்கும். பெரியம்மாவுக்கு அப்படித்தான் வைத்தார்கள். உட்கார முடியாது, ஒருக்களித்தே படுக்க வேண்டும், காலில் இறங்கும் வலி. இந்த வேதனையைப் பற்றி முன்கூட்டி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மறைந்திருக்கும் விலை பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது. சலைன் நீரைச் சிரிஞ்சில் எடுத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை குழாயில் செலுத்தி அடைப்பு வராமல் பார்க்க வேண்டும். பையில் சேரும் சீழின் அளவையும் நிறத்தையும் எழுதி வைக்க வேண்டும். செலுத்திய சலைனைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். நாங்கள் முதல் மூன்று நாள் அதைக் கழிக்காமல் எழுதி, சீழ் குறையவே இல்லை என்று பயந்துகொண்டிருந்தோம். நாளுக்கு 10 அல்லது 20 மி.லி.க்குக் கீழே வந்து, காய்ச்சலும் நின்று, ஸ்கேனிலும் குழி சுருங்கியிருந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு 12-ஆம் நாள் எடுத்தார்கள். குழாய் நழுவுவதும் அடைபடுவதும் அரிதல்ல. சேலைக் கொசுவத்தில் மாட்டி இழுபடாமலிருக்க இடுப்பில் ஒரு துணிப்பட்டி கட்டி வைத்தோம்.

குழாயில் சீழ் நின்று மலம்போன்ற திரவம் தொடர்ந்து வந்தால் குடலின் ஓட்டை மூடவில்லை என்று பொருள். குழாய் வைத்து இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால், குழாய் தவறான இடத்தில் இருக்கலாம் அல்லது இன்னொரு சீழ்க்குழி இருக்கலாம். மறு ஸ்கேன் உடனே தேவை. ஐந்தில் ஒருவருக்காவது இவ்வழி முழுதாகப் பலிக்காமல் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. சீழை முறையாக வடித்துவிட்ட பின் ஆன்டிபயாட்டிக்கை வாரக்கணக்கில் நீட்ட வேண்டியதில்லை. வயிற்றறைத் தொற்றுள்ள 518 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், நான்கு நாள் மருந்தும் எட்டு நாள் மருந்தும் ஒரே பலனைத் தந்தன.

மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படித் தெரிகிறது:

| அளவுகோல் | மருந்தின்றிக் கவனித்தல் | ஆன்டிபயாட்டிக் | குழாய் வைத்தல் |
|---|---|---|---|
| எந்தச் சிக்கலுக்கு | ஸ்கேனில் உறுதியான எளிய அழற்சி | எளிய அழற்சியோடு பிற அபாயங்கள், 3 செ.மீ.க்குக் குறைந்த சீழ்க்கட்டி | 3–4 செ.மீ.க்கு மேற்பட்ட சீழ்க்கட்டி. மருந்துக்கு அடங்காதது |
| யாருக்கு ஆகாது | எதிர்ப்பாற்றல் குன்றியவர், செப்சிஸ் அறிகுறி உள்ளவர் | சீழ் வயிறு முழுவதும் பரவியவர் | ஊசி செல்லப் பாதுகாப்பான பாதை இல்லாதவர், ரத்தம் உறையாத கோளாறு சரிசெய்யப்படாதவர் |
| மறைந்த விலை | இரண்டு மூன்று நாளில் கட்டாய மறுபரிசோதனை | வயிற்றுப்போக்குத் தொற்று, நரம்பு–தசைநாண் பாதிப்பு, மருந்துக்கு அடங்காத கிருமி | வீட்டில் குழாய்ப் பராமரிப்பு, வலி, மறு ஸ்கேன்கள் |
| பலிக்கவில்லை என்பதன் அடையாளம் | ஏறும் காய்ச்சல், கூடும் வலி | 48–72 மணி நேரத்தில் முன்னேற்றமின்மை | இறங்காத காய்ச்சல், குழாயில் மலம் |

## ரத்தப்போக்கு: காத்திருப்பதா, உள்ளிருந்து அடைப்பதா, நாளத்தை அடைப்பதா?

இது தனிக் கதை. வலியின்றித் திடீரென்று கழிப்பறை சிவக்கும் அளவுக்கு ரத்தம் போகும். நம்மிடம் மலத்தில் ரத்தம் என்றதும் மூலம் என்று முடிவுகட்டி நாட்டு மருந்தோடு நாள் கடத்தும் வழக்கம் இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியவருக்குக் கட்டிகட்டியாகக் கருஞ்சிவப்பில் ரத்தம் போனால் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்களுக்கு இந்த ரத்தப்போக்கு தானாகவே நின்றுவிடுகிறது. அதனால் டிரிப்ஸ் ஏற்றி, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றிக் கண்காணிப்பதே பலருக்கு முழுச் சிகிச்சை. இதன் மறைந்த விலை, எந்தப் பையிலிருந்து கசிந்தது என்று தெரியாமலே போவதும் மறுபடி வரலாம் என்ற அச்சமும்.

கொலோனோஸ்கோப்பியில் கசியும் பையைக் கண்டுபிடித்தால் கிளிப் போட்டோ, ரப்பர் வளையத்தால் இறுக்கியோ அடைத்துவிடலாம். ஜப்பானில் 49 மருத்துவமனைகளின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வளையம் இட்டவர்களுக்குச் சீக்கிரத்தில் மறுபடி கசிவது கிளிப் போட்டவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதற்குக் குடலைக் கழுவ லிட்டர் கணக்கில் மருந்துநீர் குடிக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான முதியவருக்கு அதுவே ஒரு சுமை. 24 மணி நேரத்துக்குள் அவசரமாகச் செய்தால் கூடுதல் பலன் உண்டு என்ற பழைய நம்பிக்கையைப் பிற்கால ஆய்வுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. எனவே நிலை சீராக உள்ளவருக்குப் பொறுத்து, குடலை நன்றாகக் கழுவிய பின் செய்வதே மேல்.

ரத்தம் நிற்காமல் போய், நாடித் துடிப்பு ஏறி, அழுத்தம் விழுந்தால் கொலோனோஸ்கோப்பிக்குக் காத்திருக்க முடியாது. அப்போது சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, சாயம் ஒழுகும் இடத்தைக் கண்டு, தொடை நாளம் வழியே நுண்குழாயைக் கொண்டுபோய் அந்தச் சிறு நாளத்தை மட்டும் அடைக்கிறார்கள். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் நேரத்திலேயே எடுத்தால்தான் இடம் தெரியும். நின்றபின் எடுத்த ஸ்கேன் வெறுமனே வரும். அடைத்த பகுதியின் குடல் ரத்தமின்றி வாடும் அபாயமும் சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயமும் இதன் விலை. இரவிலும் இதைச் செய்யக்கூடியவர் இருக்கும் மருத்துவமனைகள் பெருநகரங்களுக்கு வெளியே குறைவு. அது இல்லாத இடத்தில் நோயாளி நிலைகுலைவதற்கு முன்பே இடம் மாற்றுவதுதான் உண்மையான முடிவு.

திரும்பத் திரும்பக் கசிபவர்களுக்கு, அடர்ந்த பேரியத்தை (எக்ஸ்ரேயில் தெரியும் வெண்ணிறப் பொருள்) ஆசனவாய் வழியே எனிமாவாகச் செலுத்திப் பைகளை நிரப்பும் முறையை ஜப்பானில் 54 பேரிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் மறுகசிவு தெளிவாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மற்ற வழிகள் தீர்ந்தவர் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கத்தக்கது.

எந்த வழியில் நின்றாலும், மூட்டுவலிக்கு எடுக்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் விஷயம் வேறு. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்திவிடக் கூடாது; இதுவரை எதுவும் வராமல் முன்னெச்சரிக்கையாக மட்டும் எடுப்பவருக்கு நிறுத்துவதே பொருந்தும்.

## புரைவழியும் சுருக்கமும்

சிறுநீரில் காற்றுக் குமிழி வருவது, மலத்துணுக்கு வருவது, சிறுநீர்த் தொற்று ஓயாமல் திரும்புவது ஆகியவை குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே புரைவழி விழுந்ததன் அடையாளங்கள். இது தானாக மூடுவது அரிது. உடல் தாங்குமானால் திட்டமிட்ட அறுவையே சரி. மயக்க மருந்தைத் தாங்க முடியாத மூத்தவர்களுக்கு, தொற்று வரும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தபடி வாழவைப்பது ஏற்கத்தக்க இரண்டாவது வழி. குடல் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் (சுருங்கிய இடத்தை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைப்பதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்: அழற்சியால் சுருங்கிய குடலில் அது நழுவுவதும் துளைப்பதும் உண்டு. சுருக்கத்துக்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்ற கேள்விக்கும் அது பதில் தராது.

## தணிந்தபின்: அறுவையைத் தள்ளிப்போடலாமா?

இரண்டு முறை அழற்சி வந்தால் அறுவை என்ற பழைய விதி இப்போது இல்லை. குடல் ஓட்டையாகும் அபாயம் பெரும்பாலும் முதல் தாக்குதலிலேயே அதிகம் என்பது தெரிந்தபின், எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதை அமெரிக்கப் பெருங்குடல் அறுவை மருத்துவர்களின் சங்கமும் கைவிட்டது. எளிய அழற்சியில் முதல் முறைக்குப் பிறகு பத்தாண்டுக்குள் நோய் திரும்புவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான். சீழ்க்கட்டியிலிருந்து குழாயால் மீண்டவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். அவர்களிடம் அறுவையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், அவசரப்படுத்தத் தேவையில்லை.

அறுவைக்குப் பக்கபலமான சான்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தவர்களும் வலி ஓயாதவர்களுமாக 109 பேரை நெதர்லாந்தில் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. ஐந்தாண்டுக்குள் மருந்துப் பிரிவினரிலும் 46 சதவீதத்தினர் அறுவைக்கே போனார்கள். அதே ஆய்வில் குடல் வெட்டப்பட்டவர்களில் 15 சதவீதத்தினருக்கு இணைத்த இடம் கசிந்தது. ஃபின்லாந்தில் 90 பேரிடம் நடந்த ஆய்வும் அறுவையால் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததைக் காட்டியது. வலி அன்றாட வாழ்வைத் தின்றுகொண்டிருப்பவர், அந்தக் கசிவின் அபாயத்தை அறிந்தே அறுவையைத் தேர்ந்தெடுத்தால் அது தோல்வி ஆகாது. தாக்குதல்களுக்கு இடையே நலமாக இருப்பவருக்கு அந்த அபாயத்தை ஏற்கக் காரணம் குறைவு.

அறுவையைத் தவிர்ப்பவர் தவிர்க்கக் கூடாதது கொலோனோஸ்கோப்பி. வெட்டி எடுத்த குடலை நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்கள். உள்ளே விட்ட குடலை யாரும் பார்ப்பதில்லை. எளிய அழற்சியில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே அடியில் புற்றுநோய் காணப்படுகிறது. சீழ்க்கட்டி போன்ற சிக்கல் வந்தவர்களில் அது நூற்றுக்குச் சுமார் பத்து. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, குடல் ஆறியபின் இதைச் செய்ய வேண்டும். வலி போய்விட்டதே என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

நோய் திரும்பாமலிருக்க மெசலமைன் என்னும் குடல் அழற்சி மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக்கொடுப்பது இன்னும் நடக்கிறது. 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், மொத்தம் 1,182 பேரிடம், அது வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் தடுக்கவில்லை. விதையும் கொட்டையும் பைக்குள் சிக்கிக்கொள்ளும் என்ற பயமும் அப்படியே: 47,228 அமெரிக்க ஆண்களை 18 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், கொட்டைகளும் சோளப்பொரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த அழற்சி குறைவாகவே வந்தது. கத்தரிக்காயையும் கொய்யாவையும் எள்ளையும் ஒதுக்கிச் சாப்பாட்டைச் சப்பென்று ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை. நார்ச்சத்து மிகுந்த உணவு, எடைக் குறைப்பு, அன்றாட நடை, புகையை விடுதல் ஆகியவற்றுக்குச் சான்று உண்டு.

பெரியம்மாவுக்கு ஏழாவது வாரம் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள், புற்று இல்லை. அறுவை வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். அந்த முடிவை மருத்துவரும் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொள்ளும்போது அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இன்னும் பெரியம்மாவின் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது: காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், வலி ஆறு மணி நேரம் நீடித்தால், சிறுநீரில் காற்றோ மலத்தில் ரத்தமோ வந்தால், மாத்திரை எதுவும் வாங்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், கடைசி ஸ்கேன் பதிந்த குறுந்தகட்டைக் கையில் எடுத்து வர வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்து வீடு திரும்பினாலும் இப்படியொரு தாளை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.